டைம்ஷேர் வாரத்தைக் கொடுத்து டிஸ்னி விடுதி: தேடினால் ஒன்றுமே வரவில்லை, ஏன்?

கட்டபெட்டு தேயிலை:
வணக்கம். எனக்குக் கோத்தகிரி பக்கம், சிறு தேயிலைத் தோட்டம். 2019-இல் மகளுக்கு ஷூ வாங்கக் கோயம்புத்தூரில் ஒரு மாலுக்குப் போனவன், டைம்ஷேர் (வருடா வருடம் சில நாள் விடுதியில் தங்கும் உரிமை) வாங்கிக்கொண்டு திரும்பினேன். கூப்பன் நிரப்பச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து, "பரிசு விழுந்திருக்கு, கணவன் மனைவி ரெண்டு பேரும் சேர்ந்து வரணும்" என்று போன். மிச்சக் கதை இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

ஊட்டியில் ஸ்டூடியோ அறை, வருடத்துக்கு ஏழு இரவு, 25 வருடம். "முப்பது கிலோமீட்டர்ல வீடு இருக்கு, நமக்கு எதுக்கு ஊட்டியில ரூம்?" என்று என் மனைவி அங்கேயே கேட்டாள். விற்ற பையன் அசரவில்லை. "அக்கா, நீங்க ஊட்டிக்குப் போகவே வேண்டாம். ஊட்டி வாரம்தான் உங்க கையில இருக்கிற காசு. அதைக் கொடுத்துட்டு அமெரிக்காவுல டிஸ்னிக்குள்ளேயே தங்கலாம்" என்றான். வழவழ அட்டையில் மிக்கி மவுஸ் கோட்டைப் படமும் காட்டினான்.

தங்கை டாம்பாவில் இருக்கிறாள். அங்கிருந்து டிஸ்னி இருக்கும் ஆர்லாண்டோ ஒன்றரை மணி நேரம்தான். வரும் மே விடுமுறைக்கு நாங்கள் நாலு பேர் போகலாம் என்று திட்டம். டைம்ஷேர் வாரங்களை வாங்கிக்கொண்டு வேறு ஊர் விடுதி மாற்றித் தரும் ஆர்.சி.ஐ. நிறுவனத்தில் என் ஒரு வாரத்தை டெபாசிட் செய்துவிட்டேன். "டிஸ்னி" என்று தேடினால் சுத்தமாக ஒன்றும் இல்லை. தேதி மாற்றிப் பார்த்தேன், போன், லேப்டாப் இரண்டிலும் பார்த்தேன், இரவு ஒரு மணிக்கு எழுந்தும் பார்த்துவிட்டேன். டிஸ்னிக்குப் பக்கத்து ஊரான கிஸ்ஸிம்மி என்று போட்டால் சில விடுதிகள் வருகின்றன, ஆனால் என் டெபாசிட் போதாது என்கிறது. தளத்தில் கோளாறா, என்னிடம் கோளாறா?

லவ்டேல் லோகோ:
அண்ணா, மூணு விவரம் சொல்லுங்க. எந்த மாத வாரத்தை டெபாசிட் பண்ணீங்க? அந்த வாரம் தொடங்க எத்தனை மாதம் இருக்கும்போது பண்ணீங்க? டெபாசிட்டுக்கு எதிரே பரிமாற்ற மதிப்புன்னு ஒரு எண் இருக்குமே, அது என்ன?

கட்டபெட்டு தேயிலை:
ஜூலை கடைசி வாரம். எனக்கு டைம்ஷேர் விற்ற கிளப்பில் எனக்குக் கிடைப்பது அந்தச் சீசன்தான். மார்ச்சில் டெபாசிட் செய்தேன். எண் 11 என்று காட்டுகிறது. இந்த 11 ரூபாயா, டாலரா, மார்க்கா என்றுகூடத் தெரியாமல்தான் இருக்கிறேன்.

வர்க்கியும் டீயும்:
டிஸ்னி இல்லைன்னா யுனிவர்சல் தீம் பார்க்குல தேடிப் பாருங்க சார். அதுவும் ஆர்லாண்டோதான். என் மச்சான் போயிட்டு வந்தான், டிஸ்னியைவிட நல்லா இருந்துச்சாம்.

பேரிஜம்:
தளத்திலும் கோளாறு இல்லை, உங்களிடமும் இல்லை. அந்தப் பையன் 2019-இல் சொன்னது அப்போது பொய்யும் இல்லை. காலம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

டிஸ்னி தன் சொந்த டைம்ஷேரை 1991-இல் தொடங்கியது. அதன் உறுப்பினர் தன் பாயிண்டை (அங்கே வாரக் கணக்கு இல்லை, பாயிண்ட் கணக்கு) வெளியே கொடுத்து வேறு ஊருக்குப் போகும்போதுதான், அதற்கு ஈடாக டிஸ்னி விடுதியில் ஓர் அறை பரிமாற்றக் குளத்துக்கு, அதாவது எல்லோரும் கொடுத்த அறைகள் சேரும் இடத்துக்கு, வரும். எந்தக் குளத்துக்கு என்பதுதான் விஷயம். 2009 ஜனவரியிலிருந்து 2021 முடியும்வரை அது ஆர்.சி.ஐ. 2022 ஜனவரியிலிருந்து இன்டர்வல் இன்டர்நேஷனல் என்ற இன்னொரு பரிமாற்ற நிறுவனம். ஆக, நீங்கள் ஆர்.சி.ஐ.-யில் இரவு ஒரு மணிக்கு எழுந்தாலும் சரி, பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்தாலும் சரி, மிக்கி வரமாட்டார்.

இன்டர்வலில் நீங்களாகப் போய்ச் சேர முடியாது. உங்கள் விடுதி அவர்களோடு இணைந்திருந்தால்தான் உண்டு. கிளப்பை மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்டால் "பார்த்துட்டு சொல்றோம் சார்" என்பதோடு முடிந்துவிடும்.

இன்னொன்று. யுனிவர்சலுக்குள் இருப்பவை ஹோட்டல்கள், டைம்ஷேர் இல்லை. பாயிண்டை வைத்துத் தேடிப் பயனில்லை. ஹாங்காங், டோக்கியோ, ஷாங்காய் டிஸ்னிகளிலும் அப்படித்தான். அமெரிக்காவைவிடப் பக்கமாயிற்றே என்று அங்கே தேடி நாளை வீணாக்காதீர்கள்.

வர்க்கியும் டீயும்:
ஓ, சரி சரி. மச்சான் காசு கொடுத்துத்தான் தங்கியிருப்பான் போல.

லவ்டேல் லோகோ:
பேரிஜம் சார் சொன்னதுதான் முதல் பாதி. ரெண்டாவது பாதி அந்த 11. அது ரூபாயும் இல்லை, டாலரும் இல்லை. உங்க வாரத்துக்கு அவங்க போடற எடை. ஜூலை கடைசியில ஊட்டி எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா? தென்மேற்குப் பருவமழை, பனிமூட்டம், துணி நாலு நாளானாலும் காயாது. மலர்க் கண்காட்சி நடக்கிற மே மாத வாரத்துக்கு உள்ள எடை அதுக்கு எப்படி வரும்? மேல ஸ்டூடியோ வேற. அதுக்கும் மேல நாலு மாசம் முன்னாடிதான் கொடுத்திருக்கீங்க. ஒன்பது மாசத்துக்கு முன்னாடியே கொடுத்தாத்தான் முழு மதிப்பு. நாள் நெருங்க நெருங்கக் குறையும். நம்ம பச்சைத் தேயிலை மாதிரிதான் அண்ணா. பறிச்ச அன்னிக்கே ஃபாக்டரிக்குப் போனா ஒரு விலை, மூட்டையில கிடந்து சூடேறினா வேற விலை.

அடுத்த வருஷ வாரத்தை இப்பவே டெபாசிட் பண்ண முடியுமான்னு கிளப்பில் கேளுங்க. முடிஞ்சா, ரெண்டு டெபாசிட்டையும் ஒண்ணாச் சேர்க்கலாம். அதுக்குத் தனிக் கட்டணம் உண்டு. சேர்த்த பிறகு தேடினா, இப்ப போதாதுன்னு காட்டறதுல பாதி திறந்துடும்.

சிம்ஸ் பார்க் பெஞ்ச்:
மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் தீம் பார்க் இருக்கிறது. கல்லாறு கொண்டை ஊசி இறங்கினால் வந்துவிடும். விசாவும் வேண்டாம், பாயிண்டும் வேண்டாம். சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கட்டபெட்டு தேயிலை:
அதை மகளிடம் சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

பேரிஜம் சார், லோகோ தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. ஏழு வருடமாக ஆண்டுக் கட்டணம் கட்டுகிறேன், இதை ஒருவரும் சொல்லவில்லை. நேற்று இன்னொரு போன் வந்தது. என் பாயிண்ட் முழுவதையும் டிஸ்னி பாயிண்டாக மாற்றித் தருகிறார்களாம், செயல்பாட்டுக் கட்டணம் 25,000 ரூபாய் முன்பணமாம். என் உறுப்பினர் எண்ணைக்கூடச் சரியாகச் சொன்னார்கள். கட்டலாமா?

பேரிஜம்:
கட்டாதீர்கள். அப்படி மாற்றும் வழியே கிடையாது. வாரத்துக்கு வாரம் பரிமாற்றம் உண்டு. ஒரு கிளப்பின் பாயிண்ட் டிஸ்னி பாயிண்டாக உருமாறாது. உறுப்பினர் எண் தெரிந்திருப்பது எதற்கும் சாட்சி ஆகாது, பட்டியல் கைமாறியிருக்கும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930-க்கு அடியுங்கள், சைபர் குற்றப் புகார் எண்.

கட்டபெட்டு தேயிலை:
போகவில்லை. மனைவி போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

வட்டக்கானல் அக்கா:
நான் கொடைக்கானல். போன வருடம் மே முதல் வாரத்தில் இதே மாதிரி ஒரு பரிமாற்றத்தில் கிஸ்ஸிம்மியில் தங்கிவிட்டு வந்தோம். தம்பிக்கு உபயோகமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு நல்ல சேதி. நமக்கு மே என்றால் ஏரிச் சாலையில் நடக்க இடம் இருக்காது, ஊட்டிக்கும் கொடைக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் வண்டி ஏறவேண்டும். அங்கே மே தொடக்கத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி நடந்துகொண்டிருக்கும். ஈஸ்டர் கூட்டம் போயிருக்கும், கோடைக் கூட்டம் வந்திருக்காது. மாதக் கடைசியில் அவர்களுக்கு ஒரு நீண்ட வார இறுதி விடுமுறை வரும், அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஆர்லாண்டோ பக்கம் டைம்ஷேர் அறைகள் கொட்டிக் கிடக்கின்றன. அதனால் கூட்டமில்லாத வாரத்துக்குக் குறைந்த எண்ணே போதும். டிஸ்னி என்று தேடாமல் ஆரஞ்சு லேக், பானெட் க்ரீக் என்று விடுதிப் பெயர் போட்டுத் தேடிப் பாருங்கள். பானெட் க்ரீக்கின் மூன்று பக்கமும் டிஸ்னி நிலம்தான்.

நாங்கள் எடுத்தது இரண்டு படுக்கையறை. முழு அடுப்படி, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் உள்ளேயே. நான் குட்டி குக்கரும் அரை கிலோ சாம்பார்ப் பொடியும் கொண்டுபோனேன். முதல் நாள் தாளித்ததும் புகை எச்சரிக்கை மணி அலறியது. இவர் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிற, பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்க்க, பெரிய கூத்து. அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேனை முதலில் போட்டுவிட்டுக் கடுகு போடுங்கள்.

பார்க் டிக்கெட் பரிமாற்றத்தில் வராது. அது தனிச் செலவு, பெரிய செலவும் அதுதான். கார் வேண்டும், உங்களுக்குத் தங்கை கார் இருக்கிறது. சாவி வாங்கும் இடத்தில் சிரித்துக்கொண்டே, "நாளை காலை உணவு எங்கள் செலவு, கிஃப்ட் கார்டும் உண்டு, 90 நிமிடம் வாங்க" என்பார்கள். போகாதீர்கள். கோயம்புத்தூர் மாலில் நடந்த அதே கதைதான், அங்கே ஆங்கிலத்தில்.

விசா கையில் வரும்முன் பரிமாற்றத்தை உறுதி செய்யாதீர்கள். ரத்து செய்தால் கட்டின கட்டணம் முழுதாகத் திரும்பாது.

லவ்டேல் லோகோ:
டிஸ்னிக்கு உள்ளேயே தங்கணும்னு பாப்பா பிடிவாதம் பிடிச்சா ஒரு வழி இருக்கு. டிஸ்னி உறுப்பினர்கள் தங்கள் பாயிண்டை வாடகைக்கு விடுவாங்க, ஒரு பாயிண்டுக்குச் சுமார் 20 டாலர். அவங்க தங்கள் சொந்த விடுதியை 11 மாசம் முன்னாடியும், மற்ற டிஸ்னி விடுதிகளை 7 மாசம் முன்னாடியும் பதிவு பண்ணலாம். அந்தக் கணக்குல கேளுங்க. ரெண்டு ராத்திரி மட்டும் அப்படி எடுத்துட்டு, மிச்சத்தை அக்கா சொன்ன மாதிரி வெளியே வெச்சுக்கலாம்.

கட்டபெட்டு தேயிலை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். கிளப்புக்கு மின்னஞ்சல் போட்டேன், நாலாம் நாள் பதில். இன்டர்வல் இணைப்பு இல்லை. ஆனால் அடுத்த வருட வாரத்தை முன்கூட்டியே கொடுக்கலாம், அந்த ஆண்டுக் கட்டணத்தை இப்போதே கட்டவேண்டும். கட்டினேன். இரண்டையும் சேர்த்ததும் எண் 29 ஆனது. ஆரஞ்சு லேக்கில் மே முதல் வாரம் இரண்டு படுக்கையறை காட்டுகிறது, 22 கேட்கிறது. மிச்சம் ஏழு என் கணக்கிலேயே நிற்குமாம்.

விசா நேர்காணல் சென்னையில் 14-ஆம் தேதி. அதுவரை கை வைக்கவில்லை, தினமும் திறந்து அந்த அறை அங்கேயே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். அக்கா, அந்தக் குட்டி குக்கர் எத்தனை லிட்டர்?

வட்டக்கானல் அக்கா:
ரெண்டு லிட்டர். வெயிட்டைத் தனியாக மறக்காமல் எடுத்து வையுங்கள் தம்பி. நான் மறந்துவிட்டு நாலு நாள் தட்டுப் போட்டு மூடிச் சமைத்தேன்.