புதுப்பிப்பு: கோத்தகிரி பிள்ளைகளின் போனில் பிளானர் ஆப் நினைவூட்டல் இப்போது நேரத்துக்கு வருகிறது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. சிக்கல் இதுதான்: படிப்பு அட்டவணைக்கான பிளானர் ஆப்பில், பிளஸ் டூ பிள்ளைகள் போனைத் திறந்தால்தான் படிப்பு நேர நினைவூட்டல் வந்தது.

மலையில் சிக்னல் இல்லாதது காரணம் அல்ல. போனிலேயே பதிவான அலாரத்துக்கு நெட் தேவையில்லை. பேட்டரி சேமிப்பைப் பார்க்கச் சொன்னவர் சொன்னதே சரி; அதுதான் ஆப்பைப் பின்னணியில் ஓடவிடாமல் தடுத்தது. செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப், பேட்டரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' (கட்டுப்பாடு இல்லை) என்று வைத்ததும் பெரும்பாலான போன்களில் சரியாகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. ஆண்ட்ராய்டு 14 போன்களில் அப்போதும் தாமதம். அதில் புதிதாகப் போடும் பல ஆப்களுக்கு 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' அனுமதி தானாகக் கிடைக்காது. 'ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்' உள்ளே போய் நாமே ஆன் செய்ய வேண்டும்.

ஆசிரியர் கம்ப்யூட்டரில் மாற்றும் அட்டவணைக்கு மட்டும் நெட் வேண்டும். அதனால் சிக்னல் இருக்கும்போதே புது அட்டவணை போனுக்கு வந்துவிட, கீழ்க்கோத்தகிரி பஸ் ஏறுமுன் ஆப்பை ஒருமுறை திறந்துவிடச் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.