ஜாவால டேட்டாபேஸ் கனெக்ஷன் தீந்து போகுது, ஜிசி (கார்பேஜ் கலெக்டர்) மூடாதா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
வணக்கம். மாங்கா மண்டி ஒண்ணுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பாத்துக்குறேன். ஜாவா, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், கனெக்ஷன்கள தயாரா வச்சு இரவல் குடுக்குற ஹிகாரி பூல். காலைல நல்லா ஓடுது, லோடு வண்டிங்க வரிசையா வந்து எடை போட ஆரம்பிச்சா ஸ்க்ரீன் அப்படியே நிக்குது, அர நிமிஷம் கழிச்சு கனெக்ஷன் கிடைக்கலன்னு எரர். ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுது. பழைய கோடுல எல்லா மெத்தடுலயும் கடைசி வரில க்ளோஸ் இருக்கு. விட்டுப்போனாலும் ஜிசி மூடிடும் தானே? சீசன் நேரம், விவசாயிங்க வண்டியோட நிக்கிறாங்க, கொஞ்சம் சொல்லுங்க.

பதில்:
அந்த அர நிமிஷம் தான் துப்பு. ஹிகாரில டீஃபால்ட் 10 கனெக்ஷன், 30 செகண்ட் வெயிட்டிங். பத்தும் வெளிய போயிருக்கு, திரும்பல. எடை காலியா வந்து நடுவுல எக்ஸப்ஷன் விழுந்தாலோ பாதில ரிட்டர்ன் ஆனாலோ அந்த கடைசி வரிக்கு ப்ரோக்ராம் போகவே போகாது. ஜிசி மெமரிய மட்டும் தான் பாக்கும் ப்ரோ, மெமரி தாராளமா இருந்தா ரொம்ப நேரத்துக்கு ஓடவும் ஓடாது, ஓடினாலும் கனெக்ஷன பூலுக்கு திருப்பிக் குடுக்காது. ஆப்ஜெக்ட ஜிசி அழிக்கறதுக்கு முன்னாடி கூப்பிடுற ஃபைனலைஸ் மெத்தடையும் 2017லயே ஜாவா 9ல டெப்ரிகேட் பண்ணிட்டாங்க, அதாவது இனி யூஸ் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டாங்க.

ட்ரை வித் ரிசோர்ஸஸ்க்கு மாத்துங்க, ப்ளாக்க விட்டு எப்படி வெளிய வந்தாலும் ஜாவாவே மூடிடும், 2011ல ஜாவா 7லயே வந்தது. கனெக்ஷனும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்டும் ஒரு ட்ரைல, நடுவுல பேராமீட்டர் செட் பண்ணணுமே, அதனால ரிசல்ட் செட்டுக்கு உள்ள இன்னொரு ட்ரை. கடைசியா திறந்தது முதல்ல மூடும். ஃபைனலி ப்ளாக்ல கையால மூடும்போது க்ளோஸே எக்ஸப்ஷன் போட்டா உண்மையான எரர் காணாமப் போயிடும். ட்ரை வித் ரிசோர்ஸஸ்ல உண்மையான எரர் பத்திரமா வரும், க்ளோஸ் எரர் சப்ரஸ்டா அதுகூட ஒட்டிட்டு வரும்.

பதில் (தர்மபுரி):
மேல சொன்னது சரி. பூல் சைஸ 50 ஆக்கச் சொன்னா கேக்காதீங்க, ஓட்ட விழுந்த தொட்டில இன்னும் தண்ணி ஊத்துற கதை தான், மைஎஸ்க்யூஎல் பக்கமும் டீஃபால்ட் எல்லை 151 கனெக்ஷன். ஹிகாரில லீக் டிடெக்ஷன் த்ரெஷோல்டு 10000 மில்லிசெகண்ட் வைங்க, எந்த மெத்தட் வாங்கிட்டு திருப்பலன்னு லாக்ல ஸ்டாக் ட்ரேஸோட வரும்.

கேள்வி கேட்டவர்:
வந்துருச்சுங்க, டோக்கன் கேன்சல் மெத்தட், பாதில ரிட்டர்ன். மாத்திட்டேன், ரொம்ப நன்றி. எடை மெஷின் சீரியல் போர்ட்டையும் இப்படியே ஒவ்வொரு தடவையும் திறந்து மூடணுமா?

பதில் (தர்மபுரி):
வேணாம், அது நாள் பூரா திறந்தே இருக்கட்டும். போர்ட்ட வச்சிருக்கற கிளாஸ ஆட்டோக்ளோசபிளா (ட்ரை தானா மூடக்கூடியதா) ஆக்குங்க, அந்த ஆப்ஜெக்ட உருவாக்குற இடமே மூடட்டும், இரவல் வாங்கி யூஸ் பண்ற கிளாஸ் எதுவும் மூடக்கூடாது. ஒண்ணு மட்டும் கவனிங்க: கன்ஸ்ட்ரக்டர்ல போர்ட்ட திறந்துட்டு அடுத்த வரில எக்ஸப்ஷன் விழுந்தா ஆப்ஜெக்டே கைக்கு வராது, அப்ப ட்ரை எத மூடும்? கன்ஸ்ட்ரக்டருக்குள்ளயே கேட்ச் பண்ணி போர்ட்ட மூடிட்டு அதே எக்ஸப்ஷன திரும்ப த்ரோ பண்ணுங்க. இல்லன்னா அடுத்த தடவ திறக்கும்போது போர்ட் பிஸின்னு நிக்கும்.