ஸ்டேட் தெருவில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு

வாட்ஸ்அப் குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்
திங்கட்கிழமை

டெய்சி (ஜான்சன் சிட்டி, அமெரிக்கா), காலை 6:38
அனைவருக்கும் ஸ்தோத்திரம். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பிரிஸ்டல் நகரத்து இசை விழாவில் இருந்ததால் குழுவில் எதுவும் எழுத முடியவில்லை. ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் இந்த விழாவுக்கு ‘ரிதம் அண்ட் ரூட்ஸ் ரீயூனியன்’ என்று பெயர், 2001இல் தொடங்கியது. ஊரின் நடுவே ஓடும் ஸ்டேட் தெருவில் ஒரு ஓரம் வர்ஜீனியா மாநிலம், மறு ஓரம் டென்னசி மாநிலம். எல்லை எது என்று காட்டத் தெருவின் நடுவில் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு மேடைகள் போட்டுவிடுகிறார்கள். சனிக்கிழமை இரவு காதலையும் ரயிலையும் பிரிவையும் பற்றிப் பாடிய ஒரு குடும்பக் குழு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பேன்ஜோ என்னும் தந்தி வாத்தியத்தையும் ஃபிடில் என்னும் வயலினையும் வைத்துக்கொண்டு நம் சபையின் பாமாலைப் பாட்டுகளைப் போன்ற பாடல்களைப் பாடியது. கேட்டுக்கொண்டிருந்தபோது தாத்தாவின் நினைவு வந்து கண் கலங்கிவிட்டது.

சாமுவேல் பெரியப்பா, காலை 6:51
ஸ்தோத்திரம் மகளே. நீ பத்திரமாக வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. ஆனால் ஒன்று எனக்கு நெருடுகிறது. சபையில் பயபக்தியோடு பாட வேண்டிய பாடலை, கட்டணம் வாங்கிக்கொண்டு, பக்கத்திலேயே பீர் விற்கும் தெருவில், முந்தின இரவு காதல் பாட்டுப் பாடிய அதே வாயால் பாடுவது சரிதானா? நம் கன்வென்ஷன் பந்தலில் இப்படி நடந்தால் நாம் ஒப்புக்கொள்வோமா?

டெய்சி, காலை 7:04
பெரியப்பா, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. இங்கே வந்த புதிதில் எனக்கும் அது உறுத்தியது. அமெரிக்காவின் கிழக்கே உள்ள இந்த அப்பலாச்சிய மலைகளின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் எண்ணம் மாறியது.

1927ஆம் ஆண்டு ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை, விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் இந்த ஸ்டேட் தெருவில் தொப்பி நிறுவனம் ஒன்றின் கட்டடத்தில், மாடியில் தற்காலிகப் பதிவுக்கூடம் அமைத்தார். சுவர்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கினார்களாம். மின்சார ஒலிவாங்கி அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. அதற்கு முன்னால் பெரிய கூம்புக்குள் உரக்கக் கத்திப் பாட வேண்டியிருந்தது. ஒலிவாங்கி வந்த பிறகோ, வீட்டுத் திண்ணையில் பாடுவதுபோல மெல்லப் பாடினாலும் பதிவாகும். மலைக்கிராமத்துக் குரல்கள் இசைத்தட்டில் ஏறியதற்கு இதுவும் பெரிய காரணம். அந்தப் பன்னிரண்டு நாள்களுக்குள் 19 குழுக்கள் 76 பாடல்களைப் பதிவு செய்தன. கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமிய இசை பிறந்த இடம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1998இல் பிரிஸ்டலை அங்கீகரித்தது இதனால்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே வந்து பாடியவர்களில் பலர் சபைக்காரர்கள். கென்டக்கியின் கார்பின் ஊரிலிருந்து எர்னஸ்ட் ஃபிப்ஸ் தன் ஹோலினஸ் என்ற கிறிஸ்தவப் பிரிவுச் சபையின் பாடகர்களோடு வந்தார். அதே ஊரிலிருந்து ஆல்ஃபிரட் கார்ன்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகரும் வந்தார். கன்ட்ரி இசையின் தொட்டிலில் கிடந்த பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதி ஞானப்பாட்டுதான் என்று சொல்லலாம். ஒரு பாடலுக்கு 50 டாலர் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய தொகை. காசு வாங்கியதால் அவர்களுடைய விசுவாசம் பொய்யாகிவிடவில்லை என்பது என் எண்ணம்.

கிரேஸ் அத்தை, காலை 7:15
டெய்சி, மிக நன்றாக எழுதியிருக்கிறாய். சபைப் பாடகர் குழுவான க்வயரில் முப்பது வருடம் ஆல்டோ என்னும் பெண்களின் கீழ்க்குரலில் பாடியவள் என்பதால் கேட்கிறேன்: மலைக்கிராமத்து மக்கள் நான்கு குரல்களில் பாட எங்கே கற்றுக்கொண்டார்கள்? இசைப் பள்ளிக்குப் போக வசதி இருந்திருக்காதே?

டெய்சி, காலை 7:22
அத்தை, ஊர் ஊராகப் போய்ச் சில நாள்கள் தங்கிப் பாட்டுப் பள்ளி நடத்திய ஆசிரியர்கள் இருந்தார்கள். சுரக்குறியின் தலையை முக்கோணம், வட்டம், சதுரம், சாய்சதுரம் என்று வெவ்வேறு வடிவில் அச்சிட்டிருப்பார்கள். வடிவத்தைப் பார்த்தவுடன் அது எந்தச் சுரம் என்று தெரிந்துவிடும். ஐந்து கோடுகளைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. தாத்தா நமக்கு, சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் டோனிக் சோல்ஃபா முறையில் எழுதிக் கற்றுக்கொடுத்தாரே, நோக்கத்தில் அதுவும் இதுவும் ஒன்றுதான்: எளிய மக்கள் சீக்கிரமாகச் சேர்ந்து பாட வேண்டும்.

கார்ட்டர் குடும்பம் என்று இங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்லும் குழுவின் தலைவர் ஏ.பி. கார்ட்டருடைய தாய்மாமன் அப்படி ஒரு பாட்டுப் பள்ளி ஆசிரியர். ஏ.பி., அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல் ஆகிய மூவரும் 1927 ஜூலை மாதக் கடைசியில், சாராவின் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு, மலைப்பாதையில் கார் ஓட்டி பிரிஸ்டலுக்கு வந்தார்கள். மேபெலுக்கு அப்போது 18 வயது. நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. அந்த நிலையில் கிட்டாரை மடியில் வைத்து வாசித்திருக்கிறாள் என்று நினைக்கும்போதெல்லாம், நானும் ஒரு தாய் என்பதால், வியப்பு அடங்குவதில்லை.

ஜெபின், காலை 7:30
அக்கா, மேபெல் கார்ட்டரின் வாசிப்பை நான் பல மாதமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். கட்டைவிரலால் கீழ்ச்சுரத் தந்திகளில் பாட்டின் மெட்டை வாசித்துக்கொண்டே, மற்ற விரலால் மேல்சுரத் தந்திகளை வருடித் தாளம் பிடிக்க வேண்டும். ஒருவரே இரண்டு பேர் வேலையைச் செய்வதுபோல இருக்கும். கேட்க எளிதாகத் தெரியும், கை வராது. அதுவரை பின்னணியில் தாளத்துக்கு மட்டும் நின்ற கிட்டார், மெட்டை வாசிக்கும் வாத்தியமாக முன்னால் வந்ததில் அவருடைய பங்கு பெரியது. விழாவில் அப்படி யாராவது வாசித்தார்களா?

டெய்சி, காலை 7:41
வாசித்தார்கள் தம்பி. அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா ஒலிவாங்கியின் முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்து வாசித்தார். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. நீ கேட்டதால் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை குறைப்பட்டுப் போகும்.

லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர், சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர், ஏ.பி. கார்ட்டரோடு ஊர் ஊராகச் சென்று பாடல் சேகரித்தார். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்ள, ரிடில் மெட்டை நினைவில் வைத்துக்கொண்டு வந்து வீட்டில் அனைவருக்கும் பாடிக்காட்டுவார். கறுப்பின மக்களின் சபைகளில் பாடிய பாட்டுகளும் அவர் வழியாகக் கார்ட்டர் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தன. மேபெலும் அவரிடம் கிட்டார் நுணுக்கங்களைக் கற்றார். நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட காலம் அது. இசைத்தட்டுகளில் அவருடைய பெயர் இல்லை. 1965இல் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்யாவிட்டால், அவருடைய குரலே நமக்குக் கிடைத்திருக்காது. பேன்ஜோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கிய வாத்தியம்தான். இது வெள்ளைக்கார மலைவாசிகளின் இசை மட்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சாமுவேல் பெரியப்பா, காலை 7:58
வாசித்தேன் மகளே. பீர் விற்கும் இடத்தில் பாடுவதை இப்போதும் என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஒற்றைக் கால் மனிதர், தன் பெயர் வராது என்று தெரிந்தும் பிறருக்குப் பாட்டுச் சுமந்து வந்தாரே, அது என் மனத்தைத் தொட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவில் கேட்டவர்கள் எப்படி இருந்தார்கள்? வேடிக்கை பார்த்தார்களா, ஜெபத்தில் நிற்பதுபோல நின்றார்களா?

டெய்சி, காலை 8:06
இரண்டு விதமானவர்களும் இருந்தார்கள் பெரியப்பா. பின்னால் நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு வயதானவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, எல்லாப் பாட்டுக்கும் பாஸ் என்னும் ஆண்களின் கீழ்க்குரலில் தானும் பாடினார். மூன்றாவது பாட்டில் அவரைச் சுற்றி நின்ற பத்துப் பேர் ஆண்களின் மேல்குரலான டெனரும் ஆல்டோவும் சேர்த்துவிட்டார்கள். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள்.

கிரேஸ் அத்தை, காலை 8:10
அந்தப் பாட்டைப் பதிவு செய்திருந்தால் இங்கே அனுப்பு. புதன்கிழமை க்வயர் பயிற்சியில் போட்டுக்காட்டுகிறேன். ஆல்டோவை நானே கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

டெய்சி, காலை 8:12
அனுப்புகிறேன் அத்தை. வரும் சனிக்கிழமை ஹில்டன்ஸ் கிராமத்துக்குப் போகிறேன். ஏ.பி., சாரா தம்பதியின் மகள் ஜேனட் 1970களில் தொடங்கிய அரங்கம் அங்கே இருக்கிறது. சனிக்கிழமை இரவுகளில் மின்கருவி சேர்க்காத வாத்தியங்களோடு பாடுவார்கள். ஜெபின், அங்கே முன்வரிசையில் அமர்ந்து, கிட்டார் வாசிப்பவரின் கட்டைவிரல் தெரியும்படி உனக்குக் காணொளி எடுத்து அனுப்புகிறேன்.