873 போர்ட் மூடியிருக்கும்போது டெபியன் மிரர்: டனலா, டெப்மிரரா?

புதுநிர்வாகி: எங்க நெட்வொர்க்ல வெளியே போக ஸ்க்விட் ப்ராக்ஸி (நடுவுல நின்னு வெளியிலிருந்து வாங்கித் தர்ற சர்வர்) மட்டும்தான். கோப்புகளை ஒத்திசைக்கிற ஆர்சிங்க்கோட 873 போர்ட் அடைச்சிருக்கு. உள்ளே எல்லா மெஷினும் டெபியன் லினக்ஸ். டவுன்லோடு கருவி டபிள்யூகெட்ல மிரர் ஆப்ஷன் போட்டு, பேக்கேஜ் எல்லாம் இருக்கிற ரெப்போவை முழுசா இழுத்து உள்ளே ஒரு நகல் (மிரர்) வச்சுக்கலாமா?

வேதாளம்64: வேண்டவே வேண்டாம். டபிள்யூகெட் டைரக்டரி பக்கத்துல இருக்கிற லிங்க்கைப் பிடிச்சுதான் போகும், அதுக்கு சிம்லிங்க் (இன்னொரு இடத்தைச் சுட்டுற குறுக்குவழி) தெரியாது. 'ஸ்டேபிள்'ங்கிறதே ஒரு சிம்லிங்க்; அதை இன்னொரு டைரக்டரியா இறக்கி வைக்கும். அங்கே நீக்கின பேக்கேஜும் உங்க டிஸ்க்ல அப்படியே கிடக்கும். ஆர்சிங்க்தான் சரி. அதுக்கு ப்ராக்ஸி வேரியபிள் தனியா இருக்கு, செட் பண்ணுங்க.

குறுக்குச்சால்: செட் பண்ணினா மட்டும்? ஆர்சிங்க் ப்ராக்ஸிக்கு 'கனெக்ட்'ங்கிற கோரிக்கையை அனுப்பி 873க்கு வழி கேட்கும். ஸ்க்விட்டோட டிஃபால்ட் கான்ஃபிக்ல கனெக்ட்டுக்கு 443 (ஹெச்டிடிபிஎஸ் போர்ட்) மட்டும்தான் அனுமதி. 403 (அனுமதி இல்லை) வாங்கிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

வேதாளம்64: அப்போ வெளியே ஒரு சர்வர்ல எஸ்எஸ்ஹெச்சை (பாதுகாப்பான ரிமோட் இணைப்பு) 443ல ஓடவிட்டு, அதுக்குள்ளேயே ஆர்சிங்க் போற மாதிரி டனல் போடுங்க. முடிஞ்சுது.

குறுக்குச்சால்: ராத்திரி பூரா ஒரே இணைப்புல டேட்டா கொட்டுறதை நெட்வொர்க் டீம் லாக்ல பார்த்தா முடியறது உங்க வேலை இல்லை, அவர் வேலை. 😀 டெபியன் ரெப்போவை நகலெடுக்கவே இருக்கிற டெப்மிரர் போதும். ஹெச்டிடிபிலயே வேலை செய்யும். ஏஎம்டி64, ஒரு ரிலீஸ், மெயின்னு சுருக்கிக்கலாம்.

சோம்பேறிசிங்கம்: மிரரே எதுக்குப்பா? ஏபிடி-கேச்சர்-என்ஜி போடுங்க. யாராவது கேட்ட பேக்கேஜ் மட்டும் ஒரு தடவை இறங்கும்.

புதுநிர்வாகி: பகல்ல வெளி இணைப்பு பாதி நேரம் இருக்காதுங்க. பெரிய டவுன்லோடு ராத்திரிதான்.

சோம்பேறிசிங்கம்: அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. அப்போ கேச் உதவாது.

வேதாளம்64: ராத்திரி பாதியில நின்னா டெப்மிரர் மட்டும் என்ன கிழிக்கும்? ஆர்சிங்க் விட்ட இடத்துல தொடரும்.

குறுக்குச்சால்: நின்னாலும் மிரர் உடையாது. புது இன்டெக்ஸை (பேக்கேஜ் பட்டியல்) தற்காலிக டைரக்டரியில வச்சுக்கும், டெப் (பேக்கேஜ் கோப்பு) எல்லாம் வந்த பிறகுதான் இடம் மாத்தும், பழையதை அதுக்கப்புறம்தான் அழிக்கும். உங்க ஒரே மூச்சு ஆர்சிங்க்ல புது இன்டெக்ஸ் முந்திக்கிட்டு வந்துட்டா அதுல இருக்கிற பேக்கேஜ் இன்னும் வராததால கிளையண்ட்டுக்கு 404 (கோப்பு இல்லை)தான். அதனாலதானே டெபியன்காரங்களே எஃப்டிபிசிங்க்ங்கிற அவங்க மிரர் ஸ்கிரிப்ட்ல ரெண்டு கட்டமா சிங்க் பண்றாங்க.

வேதாளம்64: ரெண்டு கட்டம் நானும் எழுதுவேன். ஆர்சிங்க்கைவிட மெதுவுதான்னு ஒத்துக்கோங்க.

குறுக்குச்சால்: மெதுவுதான். விடியறதுக்குள்ள முடிஞ்சா போதாதா?

புதுநிர்வாகி: ஓட்டிப் பார்த்தேன். இன்டெக்ஸ் செக்சம் (கோப்பு மாறாம வந்துச்சான்னு பார்க்கிற எண்) பொருந்தலைன்னு நிக்குது. ஜிபிஜி கையெழுத்துச் சோதனையை ஆஃப் பண்ணிடவா?

குறுக்குச்சால்: ஐயோ, அதுல கை வைக்காதீங்க. ரிலீஸ் கோப்புலதான் கையெழுத்து, அதுல இன்டெக்ஸோட ஷா256 செக்சம், இன்டெக்ஸ்ல ஒவ்வொரு டெப்போட ஷா256. ஹெச்டிடிபில இறக்கினாலும் நம்பலாம்னு சொல்றதே அந்தச் சங்கிலியை வச்சுதான். ப்ராக்ஸி பழைய இன்டெக்ஸைக் கேச்சுல இருந்து கொடுக்குதோன்னு எனக்குச் சந்தேகம். மெத்தடை ஹெச்டிடிபிஎஸ்னு மாத்துங்க. 443 திறந்துதானே இருக்கு, ப்ராக்ஸி கேச் குறுக்கே வராது.

புதுநிர்வாகி: மாத்தினதும் தாண்டிடுச்சு, இப்போ டெப் இறங்குது!

வேதாளம்64: செக்யூரிட்டி ரெப்போவையும் சேர்த்துக்கோங்க. அதோட ரிலீஸ் கோப்புல காலாவதித் தேதி இருக்கும். மிரரை ஓட்டாம ரொம்ப நாள் விட்டீங்கன்னா கிளையண்ட்ல பேக்கேஜ் இறக்குற ஏபிடி அதை ஏத்துக்காது.