டெஃபினிட்டிவ் ஸ்டாம்பு: தமிழில் என்ன போடலாம்? (அவசரம்)

பெரம்பூரான்:
அன்பு நண்பர்களே, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்கு எங்கள் பள்ளியில் அஞ்சல்தலைக் கண்காட்சி. சர் சி.வி. ராமனுக்குத் தனிப் பலகை. அதில் இரண்டு தலைகள். ஒன்று, அவர் மறைந்து ஓராண்டு நிறைந்த 1971 நவம்பர் 21 அன்று வந்த 20 காசுத் தலை. அதற்கு ‘நினைவு அஞ்சல்தலை’ என்று எழுதிவிட்டேன். மற்றது 2009இல் வந்தது. ஆள் அவரேதான், வகை வேறு. முன்னது அச்சிட்ட வரைக்கும்தான், தீர்ந்தால் தீர்ந்தது. பின்னது கவுன்டரில் தினமும் கிழித்துக் கொடுக்கும் வகை, தீரத் தீர அடிப்பார்கள். இதைத்தான் டெஃபினிட்டிவ் என்கிறார்கள். தமிழில் என்ன போட? நாளை மதியம் ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்தாக வேண்டும்.

குரோம்பேட்டை வாத்தியார்:
முதலில் ‘இராமன்’ என்று திருத்துங்கள், ரகரம் மொழிக்கு முதலில் வராது. அப்புறம் பெயர்: ‘வழங்குதலை’. வழங்கிய தலை, வழங்குகின்ற தலை, வழங்கும் தலை. நேற்றும் விற்றது, இன்றும் விற்கிறது, நாளையும் விற்கும். வினைத்தொகைக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடைக்காது. வல்லினமும் மிகாது.

நங்கநல்லூர் வாசகி:
ஐயா, சேர்த்து எழுதினால் அது வழங்குதல் + ஐ. ‘வழங்குதலை நிறுத்திவிட்டார்கள்’ என்றுதான் பிள்ளைகள் படிக்கும். பலகையில் இரண்டாம் வேற்றுமை எதற்கு? எங்கள் தெரு போஸ்ட் ஆபீஸில் ‘சாதா ஸ்டாம்பு’ என்பார்கள். ‘பொது அஞ்சல்தலை’ என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

குரோம்பேட்டை வாத்தியார்:
இடம் விட்டு எழுதினால் போயிற்று: ‘வழங்கு தலை’. ‘பொது’ என்றால் நினைவுத் தலை என்ன தனியுடைமையா? அதையும்தான் எந்த உறையிலும் ஒட்டலாம்.

யாழ்வாசி:
எங்கள் பக்கம் ஸ்டாம்புக்கு முத்திரை என்றுதான் பெயர். நினைவு வெளியீடு வந்தால் ஞாபகார்த்த முத்திரை. விக்டோரியா மகாராணியின் தலை போய் எவ்வளவு காலம், நீங்கள் இன்னும் ‘தலை’யை விடவில்லையே!

நங்கநல்லூர் வாசகி:
சென்னையில் முத்திரை என்றால் ஸ்டாம்பின் மேல் குத்துவது. புதுத் தலையை வெளியான அன்றே ஒட்டி முத்திரை குத்திய முதல் நாள் உறையைக் காட்டி ‘முத்திரை மேல் முத்திரை’ என்று விளக்க என்னால் ஆகாது.

மயிலைக் கிழார்:
1854இல் வந்த அரையணா வில்லையில் ராணி முகம் இருந்தது உண்மை. ஆனால் அதனால்தான் ‘தலை’ என்று பெயர் வந்தது என்பதை ஏற்க மாட்டேன். உறையின் தலைமாட்டில் ஒட்டுவதால் தலை. ‘அஞ்சல்’ இன்னும் சுவையானது. தூதன் என்று பொருள்படும் கிரேக்க ‘அங்கெலோஸ்’ என்பாரும் உளர். வேண்டாம். அஞ்சல் என்றால் அஞ்சாதே. அல் ஈற்று எதிர்மறை. சலங்கை கட்டிய ஈட்டியோடு காட்டுவழியில் ஓடிய தபால்காரனுக்கு ஊரார் சொன்ன தைரியம் அது என்பது என் துணிபு. திருவிதாங்கூரில் 1951 வரை ‘அஞ்சல்’ என்ற பெயரிலேயே தனித் தபால் சேவை நடந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

பெரம்பூரான்:
கிழார் ஐயா, நாளை எனக்கு ஃபிளெக்ஸ்.

அடையாறு இயற்பியல்:
ஒட்டுகிற காகிதத்துக்கு இவ்வளவு சண்டையா! ராமன் சேப்பாக்கம் மாநிலக் கல்லூரியில் 1907இல் எம்.ஏ. முடித்தவர் என்று ஒரு வரி போடுங்கள், நம்மூர்ப் பிள்ளைகள் நின்று படிக்கும். அப்புறம் ‘ஒளிச்சிதறலைக் கண்டுபிடித்தார்’ என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள். சிதறல் அவருக்கு முன்பே தெரிந்ததுதான். சிதறிய ஒளியில் ஒரு துளி, அலைநீளம் மாறி வருகிறது என்று 1928இல் காட்டினார். 1930 நோபல் அதற்குத்தான். தலைக்கு என் ஓட்டு: பொது.

பெரம்பூரான்:
பொது அஞ்சல்தலைக்கு மூன்று ஓட்டு, என்னுடையதையும் சேர்த்து. அதையே கொடுத்துவிடுகிறேன். பெயர் ‘இராமன்’ என்றே வரும், வாத்தியார் மனம் குளிரட்டும்.

குரோம்பேட்டை வாத்தியார்:
பாதிதான் குளிர்ந்தது. ‘பொது’ பொருந்தாது என்ற என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அடுத்த கண்காட்சிக்கு, ஓரிரு தலைகளை மட்டும் அச்சிட்ட சிறு தாளான மினியேச்சர் ஷீட் வைப்பீர்கள் அல்லவா, அதற்கு இப்போதே கேளுங்கள்.

மயிலைக் கிழார்:
‘குறுந்தாள்’. காரணம் நாளை.