பாறைச் சிப்பியின் ஓட்டைத் துளைக்கும் சிறிய கடல் நத்தை

கேள்வி: அலைவாய்

குமரி மாவட்டம் முட்டம் கடற்கரையில், நீர் வற்றும்போது வெளிப்படும் பாறைகளில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நத்தையை அடிக்கடி காண்கிறேன். சாம்பல் நிற ஓட்டின்மேல் கறுப்புக் குமிழ்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஓட்டின் வாய் குறுகலாகவும் உட்புறம் பல் போன்ற புடைப்புகளுடனும் இருக்கிறது. அதன் அருகே கிடக்கும் வெற்றுச் சிப்பிகள் சிலவற்றில் வட்டமான சிறு துளை ஒன்று தென்படுகிறது. இந்த நத்தைதான் துளையிடுகிறதா? அமிலத்தைச் சுரந்து ஓட்டைக் கரைத்துவிடுகிறது என்று ஒருவர் கூறினார். அமிலம் மட்டுமே அதற்குப் போதுமா?

பதில்: ஓதம்

உங்கள் விவரிப்பின்படி அது பெரும்பாலும் டெங்குவெல்லா கிரானுலேட்டாவாக இருக்கலாம். 1832இல் டுக்லோ என்ற ஆய்வாளர் பெயரிட்ட இந்த இனத்தைப் பழைய நூல்களில் மோருலா என்ற பேரினத்தின்கீழ் காண்பீர்கள். செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை பாறைக் கரைகளில் வாழும் இது, முட்சங்கு அடங்கிய மியூரிசிடே குடும்பத்தைச் சேர்ந்த ஊனுண்ணி.

அமிலம் என்பது பாதி விடைதான். இக்குடும்பத்து நத்தைகளின் பாதத்தின் அடிப்புறத்தில் துளையிடுவதற்கென்றே ஓர் உறுப்பு இருக்கிறது. அதைச் சிப்பியின்மேல் அழுத்தி வைத்து, அமிலமும் நொதிகளும் கலந்த சுரப்பால் ஓட்டின் மேற்பரப்பை இளக்கியபின், உறுப்பை உள்ளிழுத்துக்கொண்டு, நுண்பற்கள் நிறைந்த ரேடுலா என்னும் நாக்குப் பட்டையால் இளகிய பகுதியைச் சுரண்டி எடுக்கிறது. பிறகு மீண்டும் சுரப்பு, மீண்டும் சுரண்டல். ஓடு தடிமனாக இருந்தால் இவ்வேலை நாள்கணக்கில்கூட நீளும். துளை முடிந்ததும் நீண்ட உறிஞ்சுகுழலை அதன்வழியே செலுத்திச் சதையை உண்கிறது.

பதில்: கரைநடையன்

துளையைக் கண்டவுடன் நத்தையைக் குற்றவாளியாக்கிவிட வேண்டாம். கிளியோனா போன்ற துளையிடும் கடற்பஞ்சுகளும் சிப்பி ஓடுகளைக் குடைகின்றன. ஆனால் அவை ஒழுங்கற்ற பல சிறு துளைகளை விட்டுச்செல்லும். ஓட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே சுரங்கங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். மணலில் வாழும் நிலா நத்தைகள் இடும் துளையோ வெளிப்புறம் அகன்று, உட்புறம் குறுகி, சரிந்த விளிம்புடன் இருக்கும். மியூரிசிடே நத்தையின் துளைச்சுவர் ஏறத்தாழ நேராக இறங்கும். முழுதும் துளைபடாத சிறு குழிகள் தென்பட்டால் அவற்றையும் கவனியுங்கள். பாதியிலேயே கைவிடப்பட்ட முயற்சிகளாக இருக்கலாம்.

கேள்வி: அலைவாய்

இருவருக்கும் நன்றி. பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுக் (barnacle) கூட்டங்களின்மேலும் இந்த நத்தைகள் அமர்ந்திருக்கின்றன. ஆனால் அவற்றின் தட்டுகளில் துளையே காணவில்லையே?

பதில்: ஓதம்

கொட்டலசை உண்ண எப்போதும் துளை தேவைப்படுவதில்லை. அதன் உச்சியில் மூடுதட்டுகள் சேரும் இடுக்கு வழியாகவே உறிஞ்சுகுழலை நுழைத்துவிட முடியும். இதில் இன்னொரு சுரப்பிக்கும் பங்கிருக்கலாம் என்று கருதப்படுகிறது: இக்குடும்பத்து நத்தைகளின் செவுளருகே உள்ள ஹைப்போபிராங்கியல் சுரப்பியில் மியூரெக்சின் என்னும் சேர்மம் உண்டு. இது தசை இயக்கத்தை முடக்க வல்லது. இரையைத் தளர்த்த உதவக்கூடும்.

பேச்சோடு பேச்சாக ஒன்று: பண்டைய மத்தியதரைக் கடல் நாடுகள் புகழ்ந்த ஊதாச் சாயமும் இதே சுரப்பியிலிருந்து வந்ததுதான். 1909இல் வேதியியலாளர் பால் ஃப்ரீட்லாண்டர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயத்தைப் பிரித்தெடுத்து அதன் வேதியமைப்பைக் கண்டறிந்தார். அவை மத்தியதரைக் கடல் இனம் என்பதால், முட்டத்து நத்தைகளைச் சாயத்துக்காக யாரும் பொறுக்க வேண்டியதில்லை.

பதில்: கரைநடையன்

நீர் வற்றிய உச்சி வெயிலில் பாறை இடுக்குகளில் ஒடுங்கிக் கிடப்பவை பெரும்பாலும் உண்பதில்லை. உலராமல் தப்பவே முயல்கின்றன. எனவே நீர் ஏறத் தொடங்கும் நேரத்தில், ஈரம் காயாத பாறைகளில் உற்றுப் பாருங்கள். சிப்பியின்மேல் நெடுநேரம் அசையாமல் ஒட்டியிருக்கும் நத்தையைப் பிடுங்காமல் குறித்துவைத்து, அது நகர்ந்தபின் அந்த இடத்தில் துளை இருக்கிறதா என்று பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான விடை கிடைக்கும்.