கொள்கை ஆய்வுக்கு 6,000 சொல் போதுமா?

கத்தரிக்கோல்: "குட்டிக் கட்டுரை எழுதுகிறவர்கள் உழைக்கச் சோம்பல்படுகிறவர்கள்" என்று நேற்று ஒருவர் இங்கே அருள்வாக்கு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கமே 6,000 சொல்லுக்குள் அடங்கும் கட்டுரைகளுக்கென்று 2019 முதல் தனி இதழ் நடத்துகிறது. அதில் எழுதுகிறவர்களும் சோம்பேறிகளா?

மூன்றாம்_மதிப்பாய்வாளர்: அருள்வாக்கு என்னுடையதுதான், பெயரைச் சொல்லியே திட்டலாம். பொருளாதார அறிஞர்கள் ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010இல் எழுதிய கடன் கட்டுரை எத்தனை பக்கம்? ஆறு. அரசுக் கடன் ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தியில், 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்றார்கள், செலவை வெட்டத் துடித்த அரசியல்வாதிகள் எல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், 2013இல் பார்த்தால் எக்செல் கணக்கில் ஐந்து நாடுகளைக் காணோம். ஆறு பக்கம் ஐயா, ஆறு!

பின்னிணைப்பு: எக்செல் பிழை பக்க எண்ணிக்கையாலா வந்தது? அறுநூறு பக்கம் எழுதியிருந்தாலும் அந்தச் சூத்திரம் அதே ஐந்து நாடுகளை விட்டிருக்கும். அதுவும் அந்தப் பிழையின் பங்கு கொஞ்சம்தான். திருத்திக் கணக்கிட்டபோது, கடன் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 சதவீதத்திலிருந்து 2.2 ஆனதற்குப் பெரிய காரணம், அவர்கள் சில ஆண்டுகளின் தரவைச் சேர்க்காததும் நாடுகளுக்கு எடையிட்ட விதமும், அதாவது சராசரியில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு கொடுத்தார்கள் என்பதும். கணக்குக் கோப்பைக் கட்டுரையோடு சேர்த்தே போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

மூன்றாம்_மதிப்பாய்வாளர்: எடையிட்ட விதத்தை ஆறு பக்கத்தில் எங்கே விளக்குவதாம்? அதைத்தானே நேற்றிலிருந்து சொல்கிறேன்.

புதுவரவு: ஒரு நிமிடம். நீங்கள் பேசுவது அமைச்சகத்துக்கு எழுதும் கொள்கைக் குறிப்பா, ஆய்விதழில் வரும் குறுங்கட்டுரையா? இரண்டும் வேறு இல்லையா?

மூன்றாம்_மதிப்பாய்வாளர்: தம்பி, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கத்தரிக்கோல்: அவரைத் தம்பி என்பதை முதலில் நிறுத்துங்கள். அந்தக் கடன் கட்டுரை வந்தது, பிற ஆய்வாளர்கள் சரிபார்க்கும் வழக்கமான மதிப்பாய்வு இல்லாத மாநாட்டுச் சிறப்பிதழில். குறை மதிப்பாய்வில் இருக்க, பக்கத்தை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். குறைந்தபட்ச ஊதிய விவாதத்திலும் இதே தோரணைதான்.

மூன்றாம்_மதிப்பாய்வாளர்: ஓ, அந்த வன்மமா? குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தியும் வேலைகள் குறையவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் கார்டும் குரூகரும் 1994இல் எழுதிய கட்டுரையின் ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு அன்று பேசியவர்தானே நீங்கள்? இருபது பக்கத்துக்கு மேல் போனால் உங்களுக்குக் கண் கட்டும்.

பின்னிணைப்பு: அத்தனை பக்கம் எழுதியும் 2000இல் நியூமார்க்கும் வாஷரும் மறுத்து எழுதினார்களே, சண்டை ஓய்ந்ததா?

மூன்றாம்_மதிப்பாய்வாளர்: சண்டை போடவாவது அதில் விவரம் இருந்தது. ஆறு பக்கத்தில் என்ன இருந்தது?

கத்தரிக்கோல்: நான் முழுதாகப் படிக்கவில்லை என்று யார் சொன்னது? முதலில் அதற்குப் பதில் வரட்டும்.

மூன்றாம்_மதிப்பாய்வாளர்: வரும். ஆறு பக்கத்துக்குள் அடங்காது, பரவாயில்லையா?